நடுவீட்டு நாயும் நடுத்தெருவும்

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு வெளியே ஓடும் என்பது நம் நாட்டுப் பழமொழி. நாயின் இயல்பைப் பழிப்பதற்காகவே இதனை நம் முன்னோர் வழங்கினர். ஆயினும் இதற்குள் ஒரு வரலாற்றுச் செய்தியும் அடங்கியிருக்கிறது. வாசலும் கொல்லையுமே நாய்க்குரிய இடம், நடுவீடு அதற்குரியது அன்று என்று எண்ணிய ஒரு சமுதாயத்தில் பிறந்த வாக்கு இது. இன்றோ நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைப்பது வெறும் பேச்சன்று. நகரங்களில் அன்றாட நிகழ்ச்சி. அந்த நாய் வெளியே ஓடுவதும் இல்லை. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, கழுத்தில் வாரோடு அது வெளியே அழைத்துச் செல்லப்படுகிறது. எதற்காக என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நாய் தெருவிலிருந்து வீட்டுக்குள் வந்தது. அதன் கழிவு வீட்டிலிருந்து தெருவுக்குப் போயிற்று. இந்த இடமாற்றம் எவ்வாறு நேர்ந்தது, அதன் சுமை யார் தலையில் விழுந்தது என்பனவற்றை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

ஹைதராபாத் நகரின் வடகிழக்கு ஓரத்தில் குஷாய்குடா என்னும் பகுதி இருக்கிறது. 'குடா' என்பது தெலுங்கில் சிற்றூரைக் குறிக்கும் சொல். பெயருக்கேற்ப ஒரு காலத்தில் அது சிற்றூராகவே இருந்தது. 1967ஆம் ஆண்டில் இந்திய மின்னணுவியல் கழகம், அஃதாவது மக்கள் வழக்கில் 'ஈ.சி.ஐ.எல்.', அதன் அருகே நிறுவப்பட்டது. 1971இல் அணு எரிபொருள் வளாகம் தோன்றிற்று. செர்லபள்ளியிலும் குஷாய்குடாவிலும் தொழிற்பேட்டைகள் எழுந்தன. பணியின் பொருட்டுப் பல மாநிலத்தாரும் வந்து குடியேறினர். தமிழரும் அவருள் உளர். பக்கத்தில் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கென அமைந்த சைனிக்புரி. மற்றொரு பக்கத்தில், ஈ.சி.ஐ.எல். நிறுவனத்தைத் தோற்றுவித்த அறிஞர் ஏ. எஸ். ராவின் பெயரால் ஒரு நகர். இவையெல்லாம் அடங்கிய காப்ரா நகராட்சி 2007ஆம் ஆண்டில் ஹைதராபாத் பெருநகர மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. முதலில் தோட்டத்தோடு கூடிய தனி வீடுகள் இருந்தன. பின்னர் அவற்றுள் பல இடிக்கப்பட்டு, நான்கு மாடியும் ஐந்து மாடியும் கொண்ட அடுக்கு வீடுகள் எழும்பின. தோட்டம் போயிற்று, கொல்லை போயிற்று, நாய் மட்டும் மாடி ஏறிற்று.

இதனால் விளைந்த தொல்லையைக் குஷாய்குடாவாசிகள் நன்கறிவர். விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலமிடும் வழக்கம் தமிழர்க்கும் தெலுங்கர்க்கும் பொதுவானது. பெயர் வேறாயினும் மாவு ஒன்றே, நோக்கமும் ஒன்றே. கோலமிடக் குனிகிற பெண்மணி முதலில் காண்பது அயல்வீட்டு நாய் விட்டுச் சென்ற பொருளையே என்றால், அந்நாள் அவளுக்கு எவ்வாறு தொடங்கும்? இது குஷாய்குடாவுக்கு மட்டும் உரிய குறை அன்று. புதிதாய் வளர்ந்த நகர்ப்புறம் எதுவாயினும் இந்நிலையே. எனினும் ஓர் ஊரைக் கண்முன் நிறுத்திக்கொண்டால் வரலாறு தெளிவாக விளங்கும்.

தமிழர் நாயை இழிவாகக் கருதினர் என்று பலர் எண்ணுகின்றனர். கல்வெட்டுகள் வேறு கதை சொல்லுகின்றன. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் ஊரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நடப்பட்ட கல் அது. கருந்தேவகத்தி என்னும் இளைஞன் தன் எருமைகளைக் காக்கும் முயற்சியில் உயிர் நீத்தான். அவன் உருவத்தின் அருகே ஒரு நாயின் உருவமும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லே கூறுகிறது. அரசரின் பெயரும் வீரரின் பெயரும் கல்லில் நிற்பது இயல்பு. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரையும் கல்லில் பொறித்த மக்கள் நம் முன்னோர் என்பது எண்ணுதற்குரியது.

கன்னட நாட்டிலும் இத்தகைய கல் ஒன்று உண்டு. அதற்கும் தமிழ்நாட்டு வரலாற்றுக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. தக்கோலப் போரைப் பள்ளிப் பாடத்தில் படித்தவர்கள் நினைவுகூர்வர். கி.பி. 949ஆம் ஆண்டில் நிகழ்ந்த அப்போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தவாறே வீழ்ந்தான். இராட்டிரகூடர் பக்கம் நின்று போரிட்ட கங்க அரசன் பூதுகனின் படையில் மணலேரன் என்னும் வீரன் இருந்தான். அவன் ஆற்றிய வீரச்செயலுக்கு மகிழ்ந்து, வேண்டும் வரம் கேள் என்று கூறியபோது, அவன் காளி என்னும் வேட்டைநாயைக் கேட்டுப் பெற்றான். பின்னொரு நாள் அந்நாய் பெரிய காட்டுப்பன்றி ஒன்றோடு பொருதது. பன்றியும் நாயும் ஒருங்கே மடிந்தன. அதன் நினைவாக ஆதகூரில் நாட்டிய கல்லை இன்று பெங்களூர் அரும்பொருட் காட்சிசாலையில் காணலாம். நம் சோழ இளவரசன் வீழ்ந்த செய்தியை உறுதிப்படுத்தும் சான்றுகளுள் ஒன்று, ஒரு நாய்க்கு எடுத்த கல் என்பது வரலாற்றின் விளையாட்டு.

கோவிவனும் காளியும் உழைத்து வாழ்ந்த நாய்கள். ஒன்று மந்தையைக் காத்தது, மற்றொன்று வேட்டையாடிற்று. இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை முதலிய ஊர்களின் பெயரால் வழங்கும் நாய்களும் அத்தகையனவே. இராசபாளையத்து நாயின் உருவத்தை இந்திய அஞ்சல்துறை 2005ஆம் ஆண்டில் தபால்தலையிலும் பொறித்தது. இந்நாய்களுக்கு வயல் இருந்தது, காடு இருந்தது, மேய்ச்சல் நிலம் இருந்தது. அவற்றின் கழிவைப் பற்றி எவரும் சிந்திக்க வேண்டிய தேவை எழவில்லை. ஊர்ப்புறத்தில் வெயிலும் மழையும் வண்டும் புழுவும் அவ்வேலையைச் செய்துவிட்டன. பழைய தமிழ் வீட்டின் அமைப்பும் இதற்கு இசைந்தது. முன்னே திண்ணை, நடுவே முற்றம், பின்னே கொல்லை. நாய் திண்ணையின் கீழ்ப் படுத்தது. சோறு கொல்லைப்புறத்தில் வைக்கப்பட்டது. நடுவீட்டில் அதற்கு வேலையில்லை. ஆகையால் பழமொழியும் பிழைபடாமல் நின்றது.

நாயை ஏவல் விலங்காக மட்டும் அல்லாமல் வீட்டின் செல்லமாகவும் வளர்க்கும் வழக்கத்தை நகரங்களில் பரப்பியவர் ஆங்கிலேயர். அவர்களுடைய பங்களாவும் பாளையமும் அதற்கு வாய்ப்பளித்தன. 1806இல் தோன்றிய செகந்திராபாத் பாளையம் இவ்வகையில் நம் கதைக்கு நெருங்கியது. சென்னைப் படையோடும் அதனைச் சார்ந்த வாணிகத்தோடும் வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் அங்கே பல. குஷாய்குடாவில் இன்று தமிழ் ஒலிப்பதற்கு நூறாண்டுக்கும் முன்னரே செகந்திராபாத்தில் அது ஒலித்தது. காலையில் நாயை வாரில் பிடித்து உலாவச் செல்லும் துரையைத் தென்னிந்தியர் முதலில் கண்டது இத்தகைய பாளையங்களிலேதான் எனலாம். ஆனால் துரையின் நாயைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தான். பங்களாவின் கழிவை அகற்றத் தோட்டி இருந்தான். நாய் வளர்க்கும் ஆசையை நாம் துரையிடமிருந்து பெற்றுக்கொண்டோம். அந்த ஏவலாளர் வரிசையின்மேல் இருந்த நம்பிக்கையையும் கூடவே பெற்றுக்கொண்டோமோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

இனி, அக்காலத்துச் சட்டங்களைப் பார்ப்போம். அவை நாயின் பல்லைக் கண்டு அஞ்சினவேயன்றி வேறெதையும் கண்டில. பம்பாயில் தெருநாய்களைக் கொல்லுவோர்க்கு நாய் ஒன்றுக்கு எட்டணா வீதம் வெகுமதி அளிக்கப்பட்டது. 1832ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பார்சியரின் புனித நாள் ஒன்றில், நாய் பிடிப்போர் வீடுகளுக்குள்ளும் நுழைந்தனர் என்று கலகம் மூண்டது. பார்சிய சமயத்தில் நாய்க்குச் சிறப்பிடம் உண்டு. கடைகள் மூடப்பட்டன; கோட்டைக்குச் செல்லும் பண்டங்கள் தடைப்பட்டன; படை வரவழைக்கப்பட்டது. இரண்டாண்டு கழித்து, 1834இல், ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் முதலியோர் முயற்சியால் விலங்குகளுக்கான புகலிடம் ஒன்று அந்நகரில் தோன்றியதற்கு இக்கலகமும் ஒரு காரணம் ஆகும்.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், விலங்கை வைத்திருப்பவர் கவனக்குறைவால் பிறருயிர்க்கு ஆபத்து நேரவிடுவதைக் குற்றமாக்கிற்று. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவ்விதி வேறு எண்ணோடு தொடர்கிறது. இலங்கையில் 1893இல் வெறிநாய்க்கடி பற்றிய சட்டமும், 1901இல் நாய்களைப் பதிவு செய்யும் சட்டமும் இயற்றப்பட்டன. நம் நாட்டில் 1924ஆம் ஆண்டின் பாளையச் சட்டம் நாய்க்கெனத் தனி விதி வகுத்தது. நாயைப் பதிவு செய்ய வேண்டும்; கழுத்துப்பட்டையில் உலோக வில்லை தொங்க வேண்டும்; வில்லையில்லாத நாய் பொதுவிடத்தில் அகப்பட்டால் பிடித்து வைக்கப்படும்; ஒரு வாரத்திற்குள் உரியவர் வந்து கட்டணம் செலுத்தி மீட்காவிடில் அது கொல்லப்படலாம். பிறரை அச்சுறுத்தும் நாயை வாய்க்கூடும் சங்கிலியும் இன்றி உலவவிட்டால் அபராதம். இவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்ட விதியில் கழிவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பல்லைக் கண்டு அஞ்சியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1902ஆம் ஆண்டில் நீலகிரியில் ஓர் ஆங்கில மாது வெறிநாய்க்கடி நோயால் இறந்தார். அக்காலத்தில் மருந்தைத் தேடி வடக்கே கசௌலிக்குச் செல்ல வேண்டியிருந்தது. அவ்விறப்பின் விளைவாக எழுந்த முயற்சியே 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையமாக மலர்ந்தது. வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பாட்டன்மார் அஞ்சிய மருந்து, கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் உருவாக்கியது. 2004ஆம் ஆண்டின் இறுதியோடு அதன் உற்பத்தி இந்தியாவில் நின்றது. கடித்த நாயின் வரலாறு இவ்வாறு மருத்துவத்தோடு இணைந்து விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. கடிக்காத நாய் தெருவில் செய்ததன் வரலாற்றை எழுதுவார் மட்டும் அரியர்.

இலண்டன் மாநகரில் அவ்வரலாறு உண்டு, அது வியப்பானது. ஹென்றி மேஹ்யூ என்னும் எழுத்தாளர் 1851ஆம் ஆண்டளவில் இலண்டன் ஏழைகளின் தொழில்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து எழுதினார். அவற்றுள் ஒன்று தெருத்தெருவாய்ச் சென்று நாயின் கழிவைப் பொறுக்கி வாளியில் சேர்ப்பது. பெர்மாண்ட்சி என்னும் பகுதியிலிருந்த தோல் பதனிடும் சாலைகள் அதனை வாங்கின. வாளி ஒன்றுக்கு எட்டுப் பென்னி முதல் பத்துப் பென்னி வரை கிடைத்தது. தரமானதற்கு ஒரு ஷில்லிங்கும் அதற்கு மேலும் கிடைத்ததுண்டு. ஆட்டுத்தோலையும் கன்றின் தோலையும் கையுறைக்கும் புத்தகக் கட்டடத்துக்கும் ஏற்றவாறு மிருதுவாக்க அது பயன்பட்டது. தோலின் அழுக்கை நீக்கித் தூய்மை செய்வதால் அப்பண்டத்துக்கு ஆங்கிலத் தொழிலாளர் இட்ட பெயரே 'தூயது' என்பதாகும்! துரைமார் அன்று கையில் ஏந்திப் படித்த நூல்களின் அழகிய தோல் அட்டைகளுக்குப் பின்னே, குனிந்து பொறுக்கிய கிழவிகளின் வாளி இருந்தது.

இத்தொழில் அழிந்தது அறத்தாலன்று, அறிவியலால். அக்கழிவில் தோலை மிருதுவாக்கும் பொருள் யாது என்ற ஆராய்ச்சி நடந்தது. ஓட்டோ ரோம் என்னும் ஜெர்மன் இரசாயன அறிஞர், கணையத்தில் சுரக்கும் நொதிகளே அதே வேலையைச் செய்யும் எனக் கண்டு, 1907ஆம் ஆண்டை ஒட்டி 'ஓரோப்பான்' என்னும் பொருளைத் தோல் தொழிலுக்கு அளித்தார். அதன் பின்னர் வாளியை வாங்குவார் படிப்படியாக அற்றுப்போயினர். விலை இருந்தவரை தெருவைத் துப்புரவாக்க ஒரு கூட்டம் தானே வந்தது. விலை போனதும் அப்பொருள் யாருடையதும் அல்லாததாகிவிட்டது. நகரங்களில் செல்லநாய்கள் பெருகிய நூற்றாண்டும் அதுவே.

நியூயார்க் நகரம் இதில் ஒரு புது வழி கண்டது. நாயைத் தெருவோரச் சாக்கடைப் பக்கம் ஒதுக்கிப் பிடியுங்கள் என்ற அறிவிப்புப் பலகைகளே அங்கு நெடுங்காலம் இருந்தன. 1970களில் நிலைமை முற்றிற்று. குழந்தைகளுக்கு நாயின் குடற்புழுவால் வரும் நோயைச் சுட்டிக்காட்டி, பிரான் லீ என்னும் மாது ஓர் இயக்கமே நடத்தினார். நாயன்பர்கள் அவர்மேல் சீறினர். விலங்குகளின் நலம் காக்கும் பெரிய சங்கமும் சட்டத்தை எதிர்த்தது. கழிவை அள்ளவேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் மக்கள் நாயையே கைவிட்டுவிடுவர் என்பது அச்சங்கத்தின் வாதம். ஆயினும் மாநிலச் சட்டம் நிறைவேறி, 1978 ஆகஸ்ட் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. தன் நாய் விட்டதைத் தானே அகற்றாதவர்க்கு 100 டாலர் வரை அபராதம். அப்போது மேயராக இருந்தவர் எட் காக். அபராதம் விதிக்கப்பட்டவர் தொகை பெரிதன்று. ஒவ்வொரு நாயின் பின்னும் காவலரை நிறுத்த முடியாது அல்லவா? ஆனால் அள்ளாமல் நகர்கிறவரை அயலார் உற்றுப் பார்க்கத் தொடங்கினர். அந்தப் பார்வையே பெரும்பாலும் சட்டத்தை நிறைவேற்றிற்று என்பது என் கருத்து. நாய்களை மக்கள் கைவிடவும் இல்லை.

பாரிஸ் நகரம் வேறு விதமாக முயன்றது. 1982 முதல் மோட்டார் சைக்கிளில் பொருத்திய உறிஞ்சு கருவிகளோடு நகர ஊழியர் வலம் வந்தனர். செலவு மிகுந்தது, அள்ளியதோ சிறு பகுதி. 2004இல் அவ்வேற்பாடு கைவிடப்பட்டு, அபராதமே வழியாயிற்று. நாயின் எசமானன் செய்ய வேண்டியதை இயந்திரம் ஏற்ற சோதனை இருபதாண்டுக்கு மேல் நடந்து தோற்றது.

நம் நாட்டுக்கு வருவோம். மும்பை மாநகராட்சி 2006ஆம் ஆண்டின் துப்புரவு விதிகளில் இக்குற்றத்துக்கு 500 ரூபாய் அபராதம் குறித்தது. இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. கழிவை அகற்றக் கட்டளையிடும் மத்திய, மாநிலச் சட்டம் இல்லாதவிடத்தில், குடியிருப்போர் சங்கங்கள் இதனைக் கட்டாயமாக்கவோ அபராதம் விதிக்கவோ இயலாது. வேண்டிக்கொள்ளலாம் என்று அது கூறிற்று. நாய் வளர்ப்போரை அடுக்குமாடிச் சங்கங்கள் துன்புறுத்திய நிகழ்ச்சிகள் உண்டு. அவர்களுக்குக் காப்பளிக்க எழுந்த வாசகம் இது. அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் 'வேண்டிக்கொள்ளலாம்' என்ற சொல்லில் தெருவின் கதி முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஹைதராபாத் மாநகராட்சி நாய்களுக்கென்றே ஒரு பூங்காவை 2018ஆம் ஆண்டில் கொண்டாப்பூரில் திறந்தது. பரப்பு ஏறத்தாழ 1.3 ஏக்கர். நல்ல முயற்சிதான். கொண்டாப்பூர் நகரின் மேற்கு ஓரம். குஷாய்குடா வடகிழக்கு ஓரம். இடையே நகரம் முழுவதும் கிடக்கிறது. விடியற்காலை அவசரத்தில் நாயை ஏற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் போவார் யார்?

ஆக, தெருவில் விட்டதை இறுதியில் எடுப்பவர் ஒருவர் உண்டு. அவர் துடைப்பம் ஏந்திய துப்புரவுத் தொழிலாளர், பெரும்பாலும் பெண். சுமையின் முழு எடையும் விழும் இடம் இதுவே. மனிதர் மலத்தை மனிதர் கையால் அள்ளும் கொடுமையை ஒழிக்க 1993இல் ஒரு சட்டமும், 2013இல் அதனினும் விரிந்த சட்டமும் இயற்றப்பட்டன. அவை இந்நாட்டின் நாணத்தைத் துடைக்க எழுந்த சட்டங்கள். அவற்றில் கூறப்படுவது மனித மலம் மட்டுமே. நாயின் மலம் அவ்வரையறைக்குள் வராது. ஆகவே மாடியில் வாழும் ஒருவருடைய நாய் தெருவில் விட்டதைத் தகரத்தாலோ அட்டையாலோ சுரண்டி எடுக்கும் பெண்ணுக்கு அச்சட்டங்களால் காப்பு இல்லை. வாளியும் துடைப்பமும் பெரும்பாலும் அதே குலத்தாரின் கைகளில்தான் இருக்கின்றன.

தமிழராகிய நமக்கு இதில் மற்றுமொரு தொடர்பு உண்டு. சென்னையிலும் தமிழ்நாட்டின் வேறு பல நகரங்களிலும் தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூட்டி வருவோருள் தெலுங்கு பேசும் மக்கள் மிகப் பலர். நகரசபைகள் வளர்ந்த காலத்தில் ஆந்திர மாவட்டங்களிலிருந்து வந்து அத்தொழிலில் அமர்த்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். தமிழ்நாட்டில் நம் தெருவைக் கூட்டியவரும் தெலுங்கர். பிழைப்புக்காகக் குஷாய்குடா வந்தால் அங்கும் நம் தெருவைக் கூட்டுபவர் தெலுங்கரே. இருமாநிலத்திலும் துடைப்பம் கைமாறவில்லை.

சுகாதாரத்தைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். நாயின் குடலில் வாழும் உருளைப்புழுவின் முட்டை கழிவோடு வெளிவருகிறது. புதிதாக விழுந்த கழிவில் அம்முட்டை தீங்கு செய்யாது. மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்து முதிர்ந்த பிறகே அது நோயுண்டாக்கும் ஆற்றல் பெறுகிறது. பின்னர் பல மாதங்கள் மண்ணில் உயிரோடு இருக்கும். காய்ந்துவிட்டது, மழை கரைத்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று நாம் எண்ணும் போதுதான் அபாயம் தொடங்குகிறது. மண்ணில் விளையாடிக் கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு அப்புழுவால் கண்ணும் ஈரலும் பாதிக்கப்படலாம். கொக்கிப்புழுவின் இளம்புழுவோ வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைந்து, தோலுக்கடியில் நெளிந்த சிவந்த கோடாக ஊரும். நாய்க்குத் தவறாமல் புழுநீக்க மருந்து கொடுப்பதாலும், முட்டை முதிருமுன் கழிவை அகற்றுவதாலும் இவற்றைப் பெரிதும் தடுக்கலாம்.

நாய் வளர்ப்போர் கூறும் விடைகள் இரண்டு. நாங்கள் வரி செலுத்துகிறோம், கூட்டுவதற்கு ஆள் இருக்கிறார்களே என்பது ஒன்று. அதற்கு மேலே விடை கூறியாயிற்று. தெருநாய்கள் செய்வதைக் கேட்பார் இல்லையே, எங்களை மட்டும் ஏன் குற்றம் சாட்டுகிறீர்கள் என்பது மற்றொன்று. இது முற்றும் வெறும் வாதமன்று. தெருநாய்ச் சிக்கல் நாட்டை உலுக்கிக்கொண்டிருப்பது உண்மை. 2023 பிப்ரவரியில் ஹைதராபாத் அம்பர்பேட்டையில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தெருநாய்களால் கடியுண்டு மாண்டான். அதனைப் பதைக்காமல் நினைப்பவர் இலர். சென்னை நகராட்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நாய்களைக் கொன்றே பார்த்தது, தொகை குறையவில்லை. 1960களில் புளூ கிராஸ் தொண்டர்கள் கருத்தடை வழியைக் கூறினர். கொல்லும் வழக்கம் அங்கு நின்றது 1996இல். அவ்வழி 2001இலும் 2023இலும் மத்திய அரசின் விதிகளாயிற்று. 2025இல் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கில் அடுத்தடுத்துப் பல ஆணைகளைப் பிறப்பித்தது. ஆனால் தெருநாய்க்கு எசமானன் இல்லை; அதனாலேயே அது நகரத்தின் பொறுப்பு. வாரின் மறுமுனையை ஒருவர் கை பற்றியிருக்கும்போது அவ்வாதம் எவ்வாறு பொருந்தும்?

பிற மாநிலத்தில் வாழும் தமிழர் கருத வேண்டிய மற்றொன்றையும் ஒளிக்காமல் கூறுகிறேன். தெலுங்கு நாட்டில் தமிழரை 'அரவ' என்ற சொல்லால் குறிப்பது நெடுநாள் வழக்கு. ஊரில் நம் நாய் தவறு செய்தால் அது இன்னார் வீட்டு நாய். அயல் மாநிலத்தில் அதே நாய் 'அரவ வீட்டு நாய்' ஆகிவிடுகிறது. வாசலில் கிடந்த ஒரு கழிவைப் பற்றிய சிறு பூசல், இரண்டு நாளில் மொழியைப் பற்றிய பூசலாகக்கூடும். அக்குடும்பத்தின் குழந்தை மறுநாள் அதே தெருவில்தான் விளையாடப் போக வேண்டும். குஷாய்குடாவில் மலையாளிக்கும் மராட்டியர்க்கும் வங்காளிக்கும் இதே நிலைதான். எவரும் தம் பெயரால் அங்கு முதலில் அறியப்படுவதில்லை.

செய்ய வேண்டியதோ மிகச் சிறிது. நாயோடு புறப்படும்போது பழைய செய்தித்தாள் இரண்டு தாள் கையில் இருந்தால் போதும். நாய் உட்காரும்போது ஒரு தாளை அடியில் விரிக்கப் பழக்கிவிட்டால் தரையில் படுவதே இல்லை. பழகாத நாயாயின் மற்றொரு தாளால் வாரிக்கொள்ளலாம். வீட்டுக்குத் திரும்பியதும் கழிப்பறையில் கொட்டி நீர் ஊற்றுக. தோட்டமுள்ளவர் குழி தோண்டி மண்ணிட்டு மூடலாம். கீரைப்பாத்தியின் அருகே வேண்டா. எஞ்சிய தாளைத் தனியே மடித்து இறுகக் கட்டிக் குப்பையில் சேர்க்க வேண்டும். காலையில் வண்டியோடு வந்து குப்பையைத் தரம் பிரிக்கும் பெண் அதனையும் கையால்தான் தொடுவாள்.